சிவப்புப் புள்ளிக்குக் காசு கொட்டப் போகும் புண்ணியவான்களுக்கு

2024 ஜூலை 30. பேருக்குத்தான் பாரிஸ் ஒலிம்பிக். துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்ததென்னவோ பாரிஸுக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் ஷாத்தோரூ என்ற ஊரில். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் செர்பியாவுக்குத் தங்கம், துருக்கிக்கு வெள்ளி, மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வெள்ளிக்காரர்தான் யூசுஃப் டிகெச். 51 வயது, சாதாரண மூக்குக்கண்ணாடி, ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்க வந்தவர் மாதிரி நின்று சுட்டுவிட்டுப் போனார். உலகமே அவர் படத்தைப் போட்டுச் சிரித்து, ரசித்து, கொண்டாடித் தீர்த்தது.

எல்லோரும் அவருடைய கண்ணாடியைப் பார்த்தார்கள், பாக்கெட்டுக்குள் போன கையைப் பார்த்தார்கள். துப்பாக்கியின் மேலே என்ன இருந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. அங்கே இருந்தது பின்னால் ஒரு சின்ன வெட்டு, முன்னால் ஒரு கறுப்புக் கட்டை. அவ்வளவுதான். மனு பாக்கரின் துப்பாக்கியிலும் அதேதான், தங்கம் வாங்கிய செர்பியர்களின் துப்பாக்கியிலும் அதேதான். லென்ஸ் கிடையாது, பேட்டரி கிடையாது, சிவப்புப் புள்ளி கிடையவே கிடையாது.

ஆனால் அந்தப் பதக்கத்தைப் பார்த்து உசுப்பேறி "நாமும் பிஸ்டல் சுடக் கற்றுக்கொண்டால் என்ன" என்று கிளம்பும் பையன் யூட்யூபில் தேடும்போது முதலில் வந்து விழுவது என்ன? "உங்கள் முதல் ரெட் டாட் எது?" "பட்ஜெட்டில் சிறந்த ஐந்து ரெட் டாட்!" அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் நின்று சொன்னதை இங்கே ஒருவர் தமிழில் டப் செய்து போட, புதுச்சேரி லாஸ்பேட்டையில் உட்கார்ந்திருக்கும் பையன் தலையை ஆட்டிக்கொண்டு ஆன்லைன் கடையில் கூடையை நிரப்புகிறான். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை, ரேஞ்சில் கால் வைக்கவில்லை. ஆனால் புள்ளி மட்டும் முதலில் வேண்டும்!

இந்தக் கேள்வியே தப்பு. "எந்த ரெட் டாட்" என்ற கேள்விக்கு நம்மூரில் புதிதாக ஆரம்பிக்கிறவனுக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்று: எதுவும் வேண்டாம்.

கோபப்படாமல் மேலே படிக்கவும்.

முதலில் இந்த வஸ்து என்ன என்பதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். தமிழ் சினிமாவில் ஹீரோவின் சட்டை மேல் ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாக ஊர்ந்து நெற்றிக்குப் போகும், பின்னணி இசை எகிறும், கதாநாயகி அலறுவார்... அது லேசர். ரெட் டாட் சைட் என்பது வேறு. அது இலக்கின் மேல் எந்த வெளிச்சத்தையும் அடிக்காது. ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கின் சிவப்பு ஒளி, வளைந்த ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பிச் சுடுகிறவர் கண்ணுக்குள் வருகிறது. அந்தக் கண்ணாடியில் சிவப்பை மட்டும் திருப்பியடிக்கும் மெல்லிய பூச்சு இருக்கிறது. மற்ற நிறங்கள் ஊடுருவிப் போய்விடும். வளைவு சரியாக அமைந்தால் புள்ளி எங்கோ தொலைவில் மிதப்பது போலத் தெரியும். எதிரே நிற்கிறவருக்குப் புள்ளி தெரியாது, சுடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

இது ஏதோ நேற்று வந்த விண்வெளி விஞ்ஞானமும் அல்ல. இதன் மூலக் கருத்தை 1900இல் சொன்னவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப், தொலைநோக்கி செய்கிறவர். ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியும் கிரப் பட்டறைச் சரக்குதான். 1975இல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் எல்.இ.டி. வைத்து முதல் மின்னணு சைட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அப்புறம் அளவு சுருங்கிச் சுருங்கி, 2009இல் ட்ரிஜிகான் ஆர்.எம்.ஆர். வந்ததிலிருந்து பிஸ்டலின் ஸ்லைடு மேலேயே உட்காரும் ரகங்கள் பெருகின. அமெரிக்கப் போலீஸும் ராணுவமும் அதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் மாறுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் லாஸ்பேட்டைப் பையனுக்கு இல்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் என்றால், இந்தியாவில் ஒரு பிஸ்டலை யார் வைத்திருக்க முடியும் என்று பார்க்க வேண்டும். 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகாதவருக்கு உரிமமே கிடையாது (விளையாட்டுக்காகப் பயிற்சி எடுக்கும் இளையவர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு). 21 ஆனாலும் போலீஸ் அறிக்கை, காரணம், நேர்காணல் என்று ஒரு பெரிய படிக்கட்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. அப்படித் தவம் செய்து வாங்கினாலும் சாதாரண மனிதர் கைக்கு வருவது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல். அரசுத் தொழிற்சாலையில் வரும் அந்த .32 பிஸ்டலின் ஸ்லைடு மேல் ரெட் டாட் உட்காருவதற்கான தளமே இல்லை. "லேத் பட்டறையில் கொடுத்து வெட்டிக்கொள்ளலாமே" என்று ஒரு மேதாவி யோசனை சொல்வார். சட்டத்தின் 5ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாது. துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ மாற்றியமைக்கவோ அதற்கென்று தனி உரிமம் உள்ளவர்தான் கை வைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்ப் ஷாஃப்ட் கடையும் அண்ணனிடம் கொண்டு போய்க் கொடுத்தால் அண்ணனும் உள்ளே, தம்பியும் உள்ளே. வாங்கும் தோட்டாவோ உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்று கூடக் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு புள்ளி எங்கே, பயிற்சி எங்கே?

ஆக மிச்சம் இருப்பது ஏர் பிஸ்டல். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழாய், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் உரிமம் வேண்டாம். போட்டிக்கான ஏர் பிஸ்டல் இதில் பாதியைக் கூடத் தொடாது. கல்லூரி மாணவன் ஒருவன் நேர்வழியில் கையில் எடுக்கக்கூடிய பிஸ்டல் இது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு போகக்கூடிய பாதையும் ஒன்றுதான்: 10 மீட்டர் போட்டி. மாவட்டமோ மாநிலமோ தேசமோ, எல்லாமே சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியை ஒட்டியே நடக்கின்றன. அந்த விதிப் புத்தகம் பிஸ்டலுக்கு ஓப்பன் சைட் மட்டும்தான் என்கிறது. தொலைநோக்கி, லேசர், மின்னணுப் புள்ளி எல்லாமே தடை. துப்பாக்கியைச் சோதிக்கும் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் புள்ளிக் கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள். "போட்டிக்கு வேண்டாம் சார், கற்றுக்கொள்ளும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம், சீக்கிரம் பழகிவிடும்" என்பார்கள். சைக்கிள் பழகும்போது பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டுவது போல என்று உவமை வேறு. விதியைக் கூட மறந்துவிடலாம். இந்த வாதத்துக்குத்தான் விலாவாரியாகப் பதில் சொல்ல வேண்டும்.

பத்து மீட்டர் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவு. அடுத்தடுத்த வளையம் ஒவ்வொன்றும் 8 மி.மீ. தள்ளி. சுடுகிறவன் கையில் இரண்டு விதமான ஆட்டம் இருக்கிறது. ஒன்று, கை மொத்தமும் அப்படியே இடம் வலமாக நகர்வது. துப்பாக்கி திரும்பாமல் நேராக நகர்கிறது. கை 5 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ. தள்ளிப் படும். பத்து கிடைக்கலாம், தப்பினாலும் ஒன்பது நிச்சயம். இரண்டாவது, மணிக்கட்டு திரும்புவது. இதுதான் வில்லன். ஃப்ரன்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஃப்ரன்ட் சைட் வெறும் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பத்து மீட்டரில் அது 30 மி.மீ. ஆகிவிடும். பத்து போய் ஏழு! ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று புள்ளி நஷ்டம். பி.காம். பாஷையில் சொன்னால் முதலாவது தினசரிச் சில்லறைச் செலவு, இரண்டாவது கந்துவட்டி.

ஓப்பன் சைட்டின் மகிமை என்னவென்றால் இந்த இரண்டு ஆட்டத்தையும் அது தனித்தனியாகக் காட்டிக் கொடுக்கும். கறுப்பு வட்டம் சற்று ஆடுகிறதா? ஆடட்டும், பயப்படாதே. வெட்டுக்கும் கட்டைக்கும் நடுவே இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடு சமமாக இல்லையா? நிறுத்து, சுடாதே. உலகத்தின் எந்தப் பயிற்சியாளரும் முதல் வாரத்திலிருந்து கத்துவது இதைத்தான்: கண் ஃப்ரன்ட் சைட்டில், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். எது பெரிய தப்பு, எது சின்னத் தப்பு என்று கண்ணுக்கு ஒரு கணக்குப் படிந்துவிடுகிறது.

ரெட் டாட்டில் இந்த இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டில் விழுந்துவிடும். கை நகர்ந்தாலும் புள்ளி ஆடும், மணிக்கட்டு திரும்பினாலும் புள்ளி ஆடும். எது எது என்று பிரித்துப் பார்க்கப் புதியவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு வட்டத்துக்குள் கொசு மாதிரிப் பறப்பது. உடனே என்ன செய்வான்? புள்ளி நடுவுக்கு வரும் அந்த நொடிக்காகக் காத்திருந்து, வந்ததும் வெடுக்கென்று ட்ரிக்கரை இழுப்பான். இழுத்த வேகத்தில் மணிக்கட்டு திரும்பும். கந்துவட்டி! ட்ரிக்கரைப் பிடுங்கும் இந்தப் பழக்கம் ஒருமுறை விரலில் ஏறிவிட்டால் இறக்குவதற்குள் பயிற்சியாளருக்குத் தாவு தீர்ந்துவிடும். ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் இழுவை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரை கிலோவைக் கண் தெரியாதது போல மெதுவாக அழுத்தத் தெரிவதுதான் முழு வித்தையும். குட்டிச் சக்கரம் உவமை இங்கேதான் கவிழ்கிறது. குட்டிச் சக்கரம் விழாமல் காப்பாற்றும். இதுவோ விழுவதற்கே சொல்லிக் கொடுக்கிறது.

புள்ளியின் அளவையும் கொஞ்சம் பார்க்கலாம். விளம்பரத்தில் 3 எம்.ஓ.ஏ., 6 எம்.ஓ.ஏ. என்று போட்டிருப்பார்கள், யாரும் அதற்கு அர்த்தம் கேட்பதில்லை. ஒரு எம்.ஓ.ஏ. என்றால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. பத்து மீட்டரில் அது 2.9 மி.மீ. ஆறு எம்.ஓ.ஏ. புள்ளி பத்து மீட்டரில் 17 மி.மீட்டரையும் தாண்டிப் பரவும். பத்தாம் வளையமே 11.5 தான்! அதாவது குறி வைக்க வேண்டிய இடத்தையே மூடி மறைத்துக்கொண்டு "இதோ குறி" என்று சொல்லும் கருவி அது.

"பேரலாக்ஸ் இல்லை, கண்ணை எங்கே வைத்தாலும் புள்ளி சரியாக இருக்கும்" என்பது இன்னொரு விற்பனை வசனம். புள்ளி எல்லையில்லாத தொலைவில் இருப்பது போல அமைத்த சைட்டில், கண் நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு குறியும் விலகும். மனித உருவ அட்டையைச் சுடும் போலீஸ்காரருக்கு 8 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. பத்து மீட்டர் போட்டிக்காரனுக்கு அது ஒரு முழு வளையம். யாருக்காகச் செய்த பொருளை யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க இந்த ஒரு கணக்கு போதும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, மறைக்க வேண்டாம். ஓப்பன் சைட்டில் ரியர் சைட், ஃப்ரன்ட் சைட், இலக்கு என்று மூன்று தூரம். கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப்பார்வை போய் ஃப்ரன்ட் சைட் பஞ்சு மாதிரித் தெரியும். அவர்களுக்கு ரெட் டாட் வரப்பிரசாதம். உயிர் போகிற நேரத்தில் எதிராளியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாத காவலருக்கும் அப்படியே. அமெரிக்காவில் சில பயிற்சியாளர்கள் மாணவன் ட்ரிக்கரைப் பிடுங்குகிறானா என்று கண்டுபிடிக்கப் புள்ளியைப் பயன்படுத்துகிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் அங்கே பக்கத்தில் பயிற்சியாளர் நிற்கிறார், கற்ற பிறகு அந்த மாணவனுக்குப் புள்ளியோடு சுடவே போட்டிகள் இருக்கின்றன. இருபது வயதுக் கண்ணும், தனியாக அறைக்குள் நிற்கும் பையனும், ஓப்பன் சைட் மட்டுமே அனுமதிக்கும் போட்டியும் சேர்ந்த நம்மூர்க் கதைக்கு இதில் ஒன்று கூடப் பொருந்தாது. தவிர, மேலே சொன்ன யூசுஃப் டிகெச்சுக்கு வயது 51 என்பதையும் மறக்க வேண்டாம் :-)

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க இவ்வளவு ஜியோமெட்ரி கூடத் தேவையில்லை. பெத்தாங் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் உருப்படியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு. அதிலும் தூரம் ஆறிலிருந்து பத்து மீட்டர்தான். எழுநூறு கிராம் இரும்புக் குண்டைப் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் எதிராளியின் குண்டு மேல் நேராகப் போய் "ணங்" என்று விழும்படி எறியும் பெரியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சைட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. கை எப்போது விடுகிறது என்று கைக்கே தெரியும், அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஆயிரக்கணக்கான எறிகள். அவர்களிடம் போய் "ஐயா, முதல் குண்டுக்கு எந்த அட்டாச்மென்ட் நல்லது?" என்று கேட்டால் எந்த மொழியில் திட்டு விழும் என்று தெரியாது. பிரெஞ்சிலா தமிழிலா என்பது அன்றைய மூடைப் பொறுத்தது.

சரி, கடைப் பக்கம் வருவோம். வணிகவியல் மாணவன் கண்ணில் உறுத்துவது இதுதான். ஆன்லைனில் கிடைக்கும் ரெட் டாட் இரண்டு ஜாதி. இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வருவது ஒன்று, அமெரிக்கக் கடைகளில் சில நூறு டாலர் விலை போட்டிருப்பது இன்னொன்று. முதல் ஜாதி பொம்மைத் துப்பாக்கிக்குச் செய்தது. படத்தில் மட்டும் ராணுவ வீரன் பிடித்துக்கொண்டிருப்பான்! நம்மூரில் மலிவாக வரும் ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்பிரிங் ரகம். ஸ்பிரிங் துப்பாக்கி ஒரு விசித்திரப் பிறவி: சுட்டதும் பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னாலும் உதைக்கும். இந்த இருபக்க உலுக்கலில் நல்ல தொலைநோக்கிகளே உடைந்துபோன கதைகள் உண்டு. மூவாயிரம் ரூபாய்ப் பொருள் சில நூறு குண்டுக்குள் குறி நழுவ ஆரம்பித்துவிடும். அப்புறம் இலக்கு தவறினால் தப்பு கையிலா சைட்டிலா என்று தெரியாது. கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. கணக்கு எழுதுகிறவனுக்குக் கால்குலேட்டர் மேலேயே சந்தேகம் வந்த மாதிரி.

இரண்டாம் ஜாதிக்கு வாய்ப்புச் செலவு என்று ஒன்று இருக்கிறதே, முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறக்கும் சமாச்சாரம், அதைக் கொஞ்சம் பொருத்திப் பார்க்க வேண்டும். பெல்லட் ஒரு டப்பாவில் 500 வரும். ஒரு போட்டிக்கு 60 குண்டு. தினம் 100 சுட்டால் ஐந்து நாளில் டப்பா காலி. ஒருவன் நாளைக்கு என்ன எண்ணிக்கை வாங்கப் போகிறான் என்பதை நிர்ணயிப்பது அந்த டப்பாக்கள்தான். அதோடு ரேஞ்சுக் கட்டணம், பயிற்சியாளர், சென்னைக்குப் போய்வரும் பஸ் செலவு. போட்டித் தரத்து ஏர் பிஸ்டல் இறக்குமதிச் சரக்கு, லட்சத்தைத் தாண்டும். அப்பா ஏற்கெனவே அதற்குத்தான் சீட்டுப் பணத்தை எடுக்க யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் போய் "அதுக்கு மேல மாட்ட ஒரு புள்ளி வேணும்பா" என்று கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். காசே செலவில்லாத பயிற்சி ஒன்றும் இருக்கிறது, அதை எந்த வீடியோவும் தலைப்பில் போடாது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, சைட் அசையாமல் வெறும் ட்ரிக்கர் அழுத்துவது. வெள்ளைச் சுவர்தான், பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவர் அல்ல. அங்கே போய்த் துப்பாக்கியை நீட்டினால் சிவப்புத் தொப்பிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

அஜித்குமார் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021லும் 2022லும் அவர் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பதக்கம் வாங்கியது பெருமையான விஷயம்தான். படத்தில் அவர் கையில் இருக்கும் துப்பாக்கியும் போட்டியில் அவர் கையில் இருந்ததும் ஒன்று என்று நினைத்தால்தான் சிக்கல். படத்துத் துப்பாக்கியில் என்னென்னவோ மாட்டியிருக்கும், அது கலை இயக்குநரின் செலவு. போட்டியில் அவரும் வரிசையில் நின்று, நேரத்துக்குள் சுட்டு, எண்ணிக்கை வரும்வரை காத்திருந்தவர். பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைபிள் பிரிவில் உலகக் கோப்பைத் தங்கங்கள் வாங்கியதும் லென்ஸ் இல்லாத துளை சைட்டில்தான். கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால் .22 ரைபிளில் என்ன சைட் என்று சொல்வார்கள். அங்கேயும் புள்ளி இல்லை.

அப்படியானால் முதல் ரெட் டாட் எது என்ற கேள்வி உலகத்தில் எந்தத் தமிழனுக்கும் இல்லையா? இருக்கிறது, கொஞ்சம் பேருக்கு. லண்டன் தமிழருக்கு இல்லை; 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளையே ஏறத்தாழ முழுதாகத் தடை செய்துவிட்டது. டொரொன்டோ தமிழருக்கும் இல்லை. 2022 அக்டோபரில் கனடா கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கிவிட்டது. அமெரிக்கத் தமிழர்களுக்கு உண்டு. அப்புறம், கவனிக்க, பிரான்சில் இருக்கும் நம்மவர்களுக்கு உண்டு. அங்கே சுடுதல் சம்மேளனத்தின் உறுப்பினராகிப் பயிற்சி முடித்து அரசு அனுமதி வாங்கினால் பிஸ்டல் வைத்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகளும் அங்கே அந்தச் சம்மேளனத்தின் கீழேயே நடக்கின்றன, அதில் புள்ளி சைட்டுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. புதுச்சேரியில் சொல்தா வீடு இல்லாத தெரு குறைவு. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் மாக் 50 பிஸ்டலின் ஓப்பன் சைட்டோடு மல்லுக்கட்டிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பாரிஸ் புறநகரில் கிளப்பில் சேர்ந்திருக்கலாம்.

அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சொல்லலாம்: விளக்கு திறந்திருக்கும் ரகத்தைவிட நான்கு பக்கமும் மூடிய ரகம் நல்லது, மழைத்துளியும் தூசியும் விளக்கை மறைக்காது. புள்ளி மூன்று எம்.ஓ.ஏ. பக்கம் இருக்கட்டும், வேகப் போட்டி என்றால் ஆறு. பேட்டரி மாற்ற சைட்டையே கழற்ற வேண்டிய ரகத்தை வாங்காதே, ஒவ்வொரு முறையும் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டி வரும். பிஸ்டலின் ஸ்லைடில் உள்ள திருகுத் துளைகளுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார், அப்புறம் விலையைப் பார். எல்லாவற்றுக்கும் மேல், கடையில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வாங்கு. கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் இருந்தால் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைத்த நட்சத்திரம் மாதிரித் தெரியும். சைட் கெட்டுப்போனது என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போவதற்கு முன் செல்போன் கேமராவை அதன் பின்னால் வைத்துப் பார். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் கோளாறு கண்ணில்.

லாஸ்பேட்டைப் பையனுக்கும் அந்தக் கடைசி விஷயம் உதவும். கையை நீட்டினால் ஏர் பிஸ்டலின் ஃப்ரன்ட் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் நிற்கும். நம் மூக்குக்கண்ணாடி அந்தத் தூரத்துக்கென்று செய்ததல்ல. கண்ணாடி போடுகிற பையன் என்றால் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி ஓரிடத்தில் கண்ணைச் சோதித்து, "ஒரு மீட்டரில் இருக்கும் பொருள் கூர்மையாகத் தெரிய வேண்டும்" என்று சொல்லி லென்ஸ் அளவு எழுதி வாங்கலாம். துப்பாக்கி மேல் லென்ஸ் மாட்டத்தான் விதியில் தடை, மூக்கு மேல் மாட்டத் தடையில்லை. ஆகஸ்ட் லீவுக்கு வரும் பிரான்ஸ் மாமா "உனக்கு என்னடா வாங்கி வரட்டும், ரெட் டாட்டா?" என்று போனில் கேட்டால், சுடுகிறவர்கள் போடும் ஒற்றை லென்ஸ் ஃப்ரேம் ஒன்று கேட்கலாம். பெட்டியில் இடமும் அடைக்காது, ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரருக்கு விளக்கம் சொல்லும் வேலையும் இல்லை.